மெஷினில் 2 மில்லி ஆம்பியர்; மூளையில் எவ்வளவு?

பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக்கில், மனச்சோர்வு போன்றவற்றுக்கான மூளைத் தூண்டல் மெஷினை இயக்குவது என் வேலை. நோயாளியோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, எங்க தெருக்காரருக்கு பத்து நாள்ல குணம் தெரிஞ்சுது. எங்க அம்மைக்கு மட்டும் ஏன் ஒண்ணும் தெரியல?"

கேள்வி நியாயம்தான். ஆனால் மெஷினில் வைக்கிற அளவே மூளைக்குள் போகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பாபநாசம் அணையில் இத்தனை கன அடி திறந்தார்கள் என்றால் கடைமடை வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று சொல்ல முடியுமா? நடுவில் எத்தனை மடை!

நெற்றியில் பஞ்சு வைத்து 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரம் விடுகிற டி.டி.சி.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி மின்சாரம் தோல் வழியாகவே ஓடிவிடும். மிச்சத்தை மண்டையோடு தடுக்கும். உள்ளே போனதும் மூளையைச் சுற்றியுள்ள நீரில் பரவிவிடும். மூளைத் திசுவைவிட அந்த நீர் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். எலும்பின் தடிமன், நீரின் அளவு, மூளை மடிப்பின் போக்கு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. (தலை நிறைய தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இன்னொரு மடை கூடுதல்.)

பலன் தெரியவில்லையென்று அளவைக் கூட்டுவது அடுத்த தவறு. ஆன்லைனில் மெஷின் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். எதிர்மின் முனையை 1 மில்லி ஆம்பியரில் வைத்தபோது அடங்கிய மோட்டார் பகுதி (கைகால்களை அசைக்கிற மூளைப் பகுதி), 2 மில்லி ஆம்பியரில் கிளர்ந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

டி.எம்.எஸ். வேறு மாதிரி. தலைமேல் காயில் (கம்பிச்சுருள்) வைத்து, காந்தப் புலத்தால் மூளையைத் தூண்டுவது. 1985-இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு செய்துகாட்டிய முறை இது. காந்தப் புலத்துக்கு எலும்பு ஒரு தடையே இல்லை, தூரம்தான் எதிரி. சில மில்லிமீட்டர் தள்ளினாலே தூண்டலின் வலு குறையும். வயதாகி மூளை சுருங்கியவர்களுக்கு அந்த இடைவெளி கூடும். கட்டைவிரல் துடிக்கிற அளவை வைத்து வலுவைக் கணக்கிடுகிறோம், சரி. அது விரலை அசைக்கிற பகுதிக்கு உள்ள தூரத்தைத்தான் சொல்லும். நாம் தூண்ட வேண்டிய மூளையின் முன்பகுதி அதே ஆழத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை.

இடத்தைப் பிடிப்பதில்தான் அதிகம் தவறுகிறோம். மனச்சோர்வுக்கு, விரல் துடித்த புள்ளியிலிருந்து 5 சென்டிமீட்டர் முன்னால் காயிலை வை என்பது பழைய கணக்கு. பெரிய தலைக்கும் சின்னத் தலைக்கும் ஒரே 5 சென்டிமீட்டரா? டேப் வைத்துத் தலையை அளந்து கணக்குப் போடுவது இதைவிட மேல், எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து வைப்பது அதற்கும் மேல். நோயாளி தூங்கி வழிந்து தலை சரிந்தால், வைத்த இடமும் காயிலின் கோணமும் போச்சு.

ஒன்றை மறைக்கவே கூடாது. பைக் விபத்தில் மண்டையோட்டில் ஆபரேஷன், உள்ளே கிளிப், காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் கருவி, முன்பு வந்த வலிப்பு இவற்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எலும்பில் ஓட்டை இருந்தால் மின்சாரம் போகும் பாதையே மாறிவிடும். உலோகம் இருந்தால் சிகிச்சையே ஆபத்தாகலாம்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவரின் அம்மைக்குக் கொடுத்தது டி.எம்.எஸ். சிகிச்சை. டேப் வைத்து மறுபடி அளந்தபோது, நாங்கள் வைத்திருந்த இடம் ஒரு விரற்கடை பின்னால் இருந்தது. டாக்டர் இடத்தை மாற்றச் சொல்லி, "இன்னைக்கு முதல் நாள்னு எழுதுங்க" என்றார்.