மாற்று கார்னர்பேக்குக்குக் கொடுக்கும் காசு தகுமா? கணக்குப் போடும் முறை

என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) அணி ஒன்று தன் நான்காவது கார்னர்பேக்கை (பாஸைப் பிடிக்க ஓடும் எதிரணி வீரரை மடக்கும் தடுப்பு வீரர்) "2 ஆண்டு, 50 லட்சம் டாலர்" என்று எடுத்திருக்கிறது என்று செய்தி வந்தால், அந்த 50 லட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். இந்த வகை வீரர்களில் பலர் இரண்டாம் ஆண்டைப் பார்ப்பதே இல்லை. ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

ஒரு மாதிரிக் கணக்கு: சைனிங் போனஸ் (கையெழுத்திட்டதற்குத் தரும் தொகை) 15 லட்சம். அடிப்படைச் சம்பளம் முதலாண்டு 12.5 லட்சம், அடுத்த ஆண்டு 17.5 லட்சம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தரும் ரோஸ்டர் போனஸ் ஆண்டுக்கு 2.5 லட்சம். சைனிங் போனஸ் வீரர் கைக்குப் போய்விடும். சாலரி கேப் (அணியின் ஆண்டுச் சம்பள உச்சவரம்பு) கணக்கில் மட்டும் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரியும் (அதிகபட்சம் 5 ஆண்டு). ஆக, 17 ஆட்டத்திலும் களப்பட்டியலில் இருந்தால் முதலாண்டு கேப் செலவு 22.5 லட்சம், இரண்டாம் ஆண்டு 27.5 லட்சம். முதலாண்டு முடிந்ததும் விடுவித்தால் 7.5 லட்சம் டெட் மணியாக (வீரர் போன பிறகும் கேப்பில் ஏறும் பணமாக) நிற்கும். 20 லட்சம் மிஞ்சும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர் இடத்தில் இன்னொருவர் வர வேண்டுமே! 2025இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 8.4 லட்சம். அதைக் கழித்தால் நிஜ மிச்சம் 11.6 லட்சம். அந்தப் பணத்துக்கு இவர் ஒரு புதுமுகத்தைவிட என்ன கூடுதலாகச் செய்கிறார் என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

உத்தரவாதத்தையும் கவனியுங்கள். காயத்துக்கு மட்டுமா, முழுமையானதா? மேலே சொன்ன 17.5 லட்சத்துக்கு முழு உத்தரவாதம் இருந்தால் விடுவிப்பதில் மிஞ்சுவது வெறும் 2.5 லட்சம்; அணி இரண்டாண்டுக்கும் மாட்டிக்கொண்டது என்று பொருள். மார்ச்சில் புது லீக் ஆண்டு தொடங்கிய சில நாளில் உத்தரவாதம் முழுமையாகும்படி சில ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். அந்தத் தேதிதான் அணிக்குக் கெடு.

இனி ஆட்டம். மாற்று வீரரை எடைபோடும்போது அதிகம் ஏமாற்றும் எண், அவர் பக்கம் வந்த பந்துகளுக்கான பாஸர் ரேட்டிங் (பாஸ்கள் எவ்வளவு பலித்தன என்று காட்டும் எண்; தடுப்பவருக்குக் குறைவாக இருந்தால் நல்லது). 20 முறை குறிவைக்கப்பட்டு, 12 கேட்ச், 130 யார்டு, 1 டச்டவுன், இன்டர்செப்ஷன் (எதிரணி பாஸை அவரே பிடித்துப் பறிப்பது) இல்லை என்றால் ரேட்டிங் 95.8. பிடிபடாமல் போன பந்துகளில் ஒன்றே ஒன்றை அவர் கையில் பிடித்திருந்தால் 75.0. ஒரே பந்து, 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம்! அதனால் கவரேஜ் ஸ்னாப்புக்கு (பாஸைத் தடுக்க நின்ற ஒவ்வொரு நகர்வுக்கும்) எத்தனை யார்டு கொடுத்தார் என்று பாருங்கள். 120 கவரேஜ் ஸ்னாப்பில் 130 யார்டு என்றால் 1.08. பந்து அவர் பக்கமே வராத ஸ்னாப்புகளும் இதில் சேர்வதால் கொஞ்சம் நிதானமான அளவு. இதையும் ஒரே சீசனோடு முடிக்காமல் இரண்டு மூன்று சீசனைச் சேர்த்துப் பாருங்கள்.

எண்ணைவிட வீடியோ முக்கியம், அதுவும் 22 பேரும் தெரியும் கோணத்தில். முதல்நிலை வீரர் அடிபட்டு இவர் உள்ளே வந்ததும் எதிரணி குவார்ட்டர்பேக் (பாஸ் வீசுபவர்) இவரைத்தான் தேடுவார். அந்த முதல் சில ஸ்னாப்புகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ரிசீவர் (பாஸைப் பிடிக்க ஓடுபவர்) திரும்பும் கணத்தில் இவர் இடுப்பு உடனே திரும்புகிறதா, ஒரு எட்டு பிந்துகிறதா? பிந்துபவர் கையால் பிடித்து ஈடுகட்டுவார். ஹோல்டிங் (பிடித்து நிறுத்தும் தவறு) என்றால் 5 யார்டோடு முதல் டவுனும் (புதிதாக நான்கு முயற்சிகள்) எதிரணிக்குத் தானாகப் போகும். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்து வரும்போது ரிசீவருக்கு இடையூறு செய்வது) என்றால் தவறு நடந்த இடத்திலேயே பந்து. கேட்ச் கணக்கில் வராத இந்த யார்டுகளைத் தனியே கூட்டுங்கள். அவருக்குப் பின்னால் சேஃப்டி (கடைசியில் நிற்கும் தடுப்பு வீரர்) எப்போதும் துணைக்கு நின்றால் அவர் எண்கள் அழகாக இருக்கும். விலையை மறுபக்கத்து வீரர் கொடுத்துக்கொண்டிருப்பார்.

வெளியே மட்டும் ஆடுபவரா, ஸ்லாட்டிலும் (உட்பக்க ரிசீவருக்கு எதிரே) நிற்பாரா? இரண்டும் தெரிந்தவர் களப்பட்டியலில் ஓர் இடத்தை மிச்சப்படுத்துகிறார். ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதி அதிகபட்சம் 48 பேருக்குத்தான் என்பதால் இது பெரிய விஷயம்.

ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழு) பங்கைத் தவறாமல் பாருங்கள். நான்காவது கார்னர்பேக்கின் வாராந்தர வேலையே அதுதான். 2024இல் கிக்ஆஃப் விதி மாறிய பிறகு அங்கே பந்தை மடக்கப் போகும் வீரர்களின் நீண்ட ஓட்டத்துக்கு இடமில்லை. பன்ட்டில் (பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது) கன்னராக (ஓரத்திலிருந்து முதலில் பாய்ந்து பந்தைப் பிடிப்பவரை மடக்குபவர்) ஓடுபவரின் வேகத்துக்கு மதிப்பு அப்படியே இருக்கிறது. இருவர் தடுத்தும் நேரத்துக்குப் போய்ச் சேர்கிறாரா, சேர்ந்தபின் டாக்கிளைத் தவறவிடுகிறாரா என்று பாருங்கள்.

ஒப்பந்த விலை ஒத்துவராவிட்டால் மூத்த வீரருக்கான ஓராண்டுக் குறைந்தபட்ச ஒப்பந்தம் நல்ல மாற்று. 2025இல் 7 சீசனுக்கு மேல் ஆடியவர் 12.55 லட்சம் வாங்கினாலும், தகுதியான ஒப்பந்தமாக இருந்தால் கேப்பில் 10.3 லட்சம்தான் ஏறும். ஒரு நுணுக்கம்: குறைந்தது 4 சீசன் முடித்தவர் முதல் வாரப் பட்டியலில் இருந்து பிறகு நீக்கப்பட்டால், சீசனின் மிச்சச் சம்பளத்தை வாழ்நாளில் ஒருமுறை கோரலாம். முதல் ஆட்டம் முடிந்த மறுவாரம் சில அணிகள் மூத்த வீரர்களை எடுப்பதற்கு அதுவே காரணம்.