ஃப்ரீடைவிங்குக்கு ஒன்பீஸ் வெட்சூட்: வாங்கும்போது செய்யும் தவறுகள்

வெட்சூட்டை, அதாவது நீரில் குளிர் தாங்க உடலோடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையை, போட்டுப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்குவார்கள், ஒருமுறை குந்தி எழுவார்கள், கச்சிதமாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் மூழ்கி எழும் ஃப்ரீடைவிங்குக்கு அந்தச் சோதனை போதாது. சும்மா நிற்கும்போது நாம் உள்ளே இழுப்பது ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. மூழ்குவதற்கு முன் எடுக்கும் கடைசி மூச்சோ நான்கைந்து லிட்டர். அந்த மூச்சுக்கு இடம் கொடுக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்குத் தரையில் மல்லாந்து படுங்கள். மூச்சை முழுவதும் விட்டுவிட்டு, வயிறு, விலா, மேல் மார்பு என்று வரிசையாக நிரப்புங்கள். வயிறு எளிதில் உப்பும். விலா விரியும்போது லேசாக இறுக்கம் தெரிந்தால் பரவாயில்லை. ஆனால் கழுத்தெலும்புக்குக் கீழே நிரப்பும்போது யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தால் அந்த சூட் உங்களுக்கு ஆகாது. எவ்வளவு விலை குறைவாகக் கிடைத்தாலும் சரி.

அடுத்த தவறை நானே செய்தேன். ஸ்கூபாவுக்கு வாங்கிய 5 மி.மீ. சூட் வீட்டில் இருந்தது, அதுவே போதும் என்று எகிப்தின் தஹாபுக்கு எடுத்துப்போனேன். பிப்ரவரி மாதம், தண்ணீர் 22 டிகிரி. குளிரவில்லை. ஆனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி இறங்கும்போது தோள்பட்டையை ரப்பர் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. அந்த இழுவையை எதிர்த்துக் கையை நீட்டி வைப்பதற்கே தசைகள் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஸ்கூபாவில் இது பெரிய விஷயமில்லை. சிலிண்டரிலிருந்து அடுத்த மூச்சு வந்துவிடும். அந்த சூட்டுகளை உரசல் தாங்க வேண்டும் என்றுதான் நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் கெட்டியானதை எடுத்து, இரு பக்கமும் துணி ஒட்டிச் செய்கிறார்கள். ஒரே மூச்சில் போய்வருபவருக்கு வேண்டியது மிருதுவாக இழுபடும் நியோப்ரீன்.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் ரத்த அழுத்தத்தை உணரும் இடங்கள் உண்டு. அங்கே வெளியிலிருந்து அழுத்தினால், ரத்த அழுத்தம் கூடிவிட்டதாக உடல் எடுத்துக்கொண்டு இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். சிலருக்குத் தலை சுற்றும், மயக்கமே கூட வரலாம். மூச்சை அடக்கும்போது துடிப்பு ஏற்கெனவே குறைகிறது; அதற்கு மேல் இதுவும் சேரக் கூடாது. அதனால் சூட்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள், தலையை நன்றாகப் பின்னால் சாயுங்கள், எச்சில் விழுங்கிப் பாருங்கள். காதில் துடிப்பு கேட்டாலோ முகம் சூடேறினாலோ கழற்றிவிடுங்கள். "போடப் போட இளகிடும்" என்று யாராவது சொன்னால் கழுத்து விஷயத்தில் கேட்காதீர்கள்.

அப்படியென்று தொளதொளவென்ற கழுத்தும் வேண்டாம். நாம் தலைகீழாக இறங்குகிறோம். இடுப்பை மடித்துத் தலைகீழாகக் கவிழ்ந்து டக் டைவ் போட்ட நொடியில் கழுத்து வழியாகத் தண்ணீர் புகுந்து முதுகில் சில்லென்று ஓடும். ஒவ்வொரு முங்கலுக்கும் இப்படி ஓடினால் 3 மி.மீ. போட்டும் பயனில்லை. உள்பக்கம் துணியில்லாமல் வழவழப்பாக இருக்கும் கழுத்துப் பட்டை, இறுக்காமலே தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி இருக்கிறதா என்று உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். முதுகு ஜிப் இருந்தால் அதன் ஓரமும் கசியும் இடம்தான். இரு காலையும் சேர்த்து உடலை அலைபோல் வளைத்து டால்ஃபின் கிக் அடிக்கும்போது முதுகெலும்பு நெடுக ஒரு விறைப்பும் தெரியும். ஜிப் இல்லாத சூட்டைப் போடுவது சிரமம், நீந்துவது சுகம்.

அளவை உயரம், எடை போட்ட பட்டியலை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். மேலும் கீழும் ஒரே உடையாக வரும் ஒன்பீஸில் உடல் நீளமும் கால் நீளமும் சேர்ந்தே பொருந்த வேண்டும். இடுப்புக்கு மேல், முதுகு குழிகிற இடத்தில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். பை மாதிரி கையில் வந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். தரையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவது நீரில் இளகும் என்பதால், வசதிக்காக ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டியதில்லை.

தடிமனில் எல்லோரும் கடல் எவ்வளவு சூடு என்று மட்டும் கேட்கிறார்கள். எவ்வளவு நேரம் அசையாமல் மிதக்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றரை நிமிட முங்கலுக்கு முன்னும் பின்னும் மிதவையைப் பிடித்துக்கொண்டு பல நிமிடம் சும்மா கிடக்கிறோம். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டை இழுக்கும். நடுக்கம் வந்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது என்றே அர்த்தம். அந்தமான், புதுச்சேரி போன்ற 27, 28 டிகிரிக் கடலுக்கு 2 அல்லது 3 மி.மீ. ஒன்பீஸ் போதும், சொறிமீனிலிருந்தும் வெயிலிலிருந்தும் அதுவே காக்கும். 22 டிகிரிக்குக் கீழே என்றால் தலையை மூடும் ஹூட் சேர்ந்த, மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியான டூபீஸ் வாங்குங்கள் என்பேன்.

உள்பக்கம் துணியில்லாத ஓபன் செல் நியோப்ரீன் நன்றாகச் சூடு காக்கும், ஆனால் வறண்ட உடம்பில் ஏறாது. வலுக்கட்டாயமாக இழுத்தால் நகம் பட்டுப் பிறை வடிவில் கிழியும். முதல் நாளே கிழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்டிஷனரைத் தண்ணீரில் கலந்து உள்ளே ஊற்றிக் குலுக்குங்கள், பிறகு விரல் நுனியால் இழுக்காமல் உள்ளங்கையால் தள்ளி ஏற்றுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், அது கழுவினாலும் போகாது.

ஒன்பீஸ் போட்டவர்கள் சத்தமில்லாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு: முழுவதும் கழற்ற வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. நீரில் இறங்கினாலே சிறுநீர் அதிகம் வரும், அது உடலின் இயல்பு. குடிக்காமல் இருந்தால் உடல் வறண்டு, தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். நாள் முழுக்கப் படகில் இருப்பவர், பெண்கள் குறிப்பாக, இதை யோசித்த பிறகே ஒன்பீஸா டூபீஸா என்று முடிவுசெய்வது நல்லது.

சூட் மாறினால், அதன் மிதப்பை ஈடுகட்ட இடுப்பு பெல்ட்டில் கட்டும் ஈயமும் மாற வேண்டும். நியோப்ரீனுக்குள் இருப்பவை நுண்ணிய வாயுக் குமிழ்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, குமிழ்கள் பாதியாகச் சுருங்குகின்றன, மேலே தூக்கிய விசையும் அப்படியே குறைகிறது. மேலே சுலபமாக மூழ்க வேண்டும் என்று ஈயத்தைக் கூட்டிக்கொண்டால், திரும்பி வரும்போது அந்தச் சுமையையும் சேர்த்து இழுக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லோடு இறங்கி, கல்லை விட்டுவிட்டு ஏறினார்கள். நம் இடுப்பு பெல்ட் நம்மோடே மேலே வருகிறது. நினைவிழப்பு பெரும்பாலும் நேர்வது மேல்மட்டத்துக்கு அருகே, அல்லது தலை வெளியே வந்த சில நொடிகளில்தான். அந்த இடத்தில் உடல் தானாக மிதக்க வேண்டும்.

புது சூட்டில் முதல் நாள், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, முழு மூச்சோடு கயிற்றைப் பிடித்து 10 மீட்டருக்கு இறங்குங்கள். அங்கே கையை மெல்ல விடுங்கள். நின்ற இடத்திலேயே நின்றாலோ மெதுவாக மேலே எழுந்தாலோ சரி. கீழே போனால் ஏறிவந்து ஒரு ஈயத்தைக் கழற்றுங்கள்.