குறிப்பே படைப்பு: எழுதுவது எப்படி

1972இல் சிங்கப்பூர்க் கலைஞர் சியோ சாய் ஹியாங் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர்க் கண்காட்சி ஒன்றுக்கு ஓவியம் அனுப்பவில்லை, செய்முறைக் குறிப்புதான் அனுப்பினார். ஐந்தடிச் சதுரத்தைச் சுவரிலும் தரையிலுமாக வரைய வேண்டும். படைப்பின் பெயரில் மட்டும் சிங்கப்பூர் ஆறு இருந்தது. ஏற்பாட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள். படகும் கடைவீடும் தீட்டிய எத்தனையோ ஆற்று ஓவியங்களுக்கு அந்தக் குறிப்பு சரியான பதில்.

நீங்களும் எண்ணத்தை முதலில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு வேறொருவர் செய்யக்கூடிய குறிப்பாக மாற்றுங்கள்: எங்கே, எதனால், எவ்வளவு, எத்தனை நாள். "பெரிய சதுரம்" என்றால் ஆளுக்கொரு அளவு வரும். "152 சென்டிமீட்டர்" என்று எழுதுங்கள். செய்பவர் விருப்பத்துக்கு எதை விடுகிறீர்கள் என்பதும் குறிப்பில் இருக்கட்டும். அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட்டின் சுவர் வரைபடங்களைப் பிறர் வரைய முடிந்தது இப்படித்தான்.

எழுதியதை நண்பரிடம் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர் தயங்கும் இடத்தைத் திருத்துங்கள். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஐந்தடிச் சதுரத்தை மாஸ்கிங் டேப்பால், அதாவது எளிதில் கழற்றக்கூடிய காகித ஒட்டுநாடாவால், அமைத்தால் 6.1 மீட்டர் பிடிக்கும். சுவரைத் துடைத்து உலரவிடாவிட்டால் உரிந்துவிடும். சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் என்றால் நகர மன்றத்தின் அனுமதியை முன்பே வாங்குங்கள். கழற்றுமுன் படம் எடுத்து, தேதியிட்டுக் குறிப்போடு வையுங்கள்.