ஆங்கிலம் ஒன்றுதானே என்று பிரிட்டன் போகும் அமெரிக்க மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரிலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போகிற பிள்ளை பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் விமானம் ஏறும். பாஸ்டனிலிருந்தோ டல்லஸிலிருந்தோ போகிற பிள்ளை விசாரிக்காது. ஆங்கிலம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பு. அமெரிக்காவில் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. தெரியாத சொல் காதில் விழுந்தால் அர்த்தம் கேட்போம். தெரிந்த சொல்லே வேறு அர்த்தத்தில் வந்தால் கேட்கத் தோன்றாது. எதிரே இருக்கும் பிரிட்டிஷ்காரரும் திருத்த மாட்டார். 'சாரி' என்று லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். தவறு செய்தது தெரியாமலே ஒரு டெர்ம் ஓடிவிடும்.

பெட்டியில் ஹேர் டிரையர் வேண்டாம்

முதல் வாரமே கைக்காசைத் தின்னும் தவறு இது. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிரிட்டனில் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விமான நிலையத்தில் விற்கும் அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. 1,500 வாட் அமெரிக்க டிரையர் அமெரிக்காவில் 12.5 ஆம்பியர் இழுக்கும். அதையே 230 வோல்ட்டில் செருகினால் கிட்டத்தட்ட 24 ஆம்பியர், 5,500 வாட். உள்ளே காயில் செக்கச்செவேலென்று பழுக்கும், தீய்ந்த வாடை வரும், பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். அதற்கு முன் பிளாஸ்டிக் உருகத் தொடங்கலாம்.

லேப்டாப், போன் சார்ஜர்களுக்கு இந்தப் பயம் இல்லை. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அடாப்டர் போதும். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சூடாக்கும் சாமான் எல்லாமே (ரைஸ் குக்கர், ஸ்ட்ரெய்ட்னர், அயர்ன் பாக்ஸ்) அனேகமாக இந்தக் கட்சிதான். இவற்றுக்குத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் கனம் கனக்கும். அந்த விலைக்கு அங்கேயே புது டிரையர் வாங்கிவிடலாம்.

பிளக் பாயிண்டிலேயே ஸ்விட்ச் இருக்கும். அமெரிக்காவில் அப்படிக் கிடையாது என்பதால் இரவு போனைச் செருகிவிட்டு, ஸ்விட்சைப் போடாமல் தூங்கி, காலையில் விழிப்பவர்கள் உண்டு. நம் ஊரில் வளர்ந்தவர் யாரும் இதில் ஏமாற மாட்டார். குளியலறையில் சாதாரண பிளக் பாயிண்டே இருக்காது. ஷேவருக்கு மட்டும் ஒன்று இருக்கலாம், அதில் வேறு எதையும் மாட்டக்கூடாது. விளக்குக்கு மேலிருந்து கயிறு தொங்கும். எலக்ட்ரிக் ஷவர் உள்ள வீட்டில் அதற்கும் ஒரு கயிறு உண்டு. அதை இழுக்காமல் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் தரைவரை தொங்கும் சிவப்புக் கயிறு விளக்குக்கானதல்ல. அது அபாய மணி. இழுத்தால் ஆள் ஓடி வருவார்.

64 வாங்கினால் அழ வேண்டாம்

அமெரிக்காவில் 64 என்றால் 'டி', பெற்றோருக்குச் சொல்ல முடியாத மார்க். பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் 64 நல்ல மார்க். 70-ம் அதற்கு மேலும் 'ஃபர்ஸ்ட்'. 60 முதல் 69 வரை 'டூ-ஒன்', பல நிறுவனங்கள் வேலைக்குக் கேட்பது இதைத்தான். 50-கள் 'டூ-டூ', 40-கள் 'தேர்ட்'. இளநிலையில் 40 வாங்கினால் பாஸ்; முதுநிலையில் பெரும்பாலும் 50. கட்டுரைப் பாடங்களில் 80-ஐத் தொடுவது அபூர்வம், நூற்றுக்கு நூறு என்ற பேச்சே கிடையாது.

இது புரியாமல் செய்யும் தவறுகள் வரிசையாக வரும். ஆசிரியரிடம் போய் மார்க் கூட்டிக் கேட்பது ஒன்று. மதிப்பிட்டவரின் கல்விசார் தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்ய பொதுவாக வழியில்லை. நடைமுறையில் பிழை நடந்திருந்தால்தான் மேல்முறையீடு. கூடுதல் வேலை செய்து மார்க்கை ஏற்றிக்கொள்ளும் 'எக்ஸ்ட்ரா கிரெடிட்' கேட்பது அடுத்தது. அப்படி ஒன்று இருப்பதே அங்கே பலருக்குத் தெரியாது. வாரா வாரம் குவிஸ் வரும், அதில் தேற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பல பாடங்களில் ஒரே கட்டுரை, ஒரே தேர்வு, அவ்வளவுதான் முழு மதிப்பெண்ணும். அக்டோபர், நவம்பரில் யாரும் விரட்டாததை நிம்மதி என்று எடுத்துக்கொண்டவர் ஜனவரியில் மாட்டிக்கொள்வார்.

கட்டுரையின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கும் பயிற்சி வேண்டும். 'கொய்ட் குட்' என்றால் அமெரிக்கக் காதுக்கு 'ரொம்ப நல்லது'. பிரிட்டிஷ் பேனாவில் அது 'பரவாயில்லை'. 'இதைக் கொஞ்சம் பார்க்கலாமே' என்ற மாதிரி எழுதியிருந்தால் 'இந்தப் பகுதியைத் திரும்ப எழுது' என்று பொருள். 'நாட் பேட்' என்று எழுதியிருந்தால் மட்டும் தாராளமாகச் சந்தோஷப்படலாம்.

ஒரு டெர்ம், ஒரு வருஷம் என்று மாணவர் பரிமாற்றத்தில் வருகிறவர்கள் மார்க்கைத் தாங்களே கணக்குப் போட்டு மாற்றக்கூடாது. அங்கே ஓர் ஆண்டுக்கு 120 கிரெடிட், அமெரிக்காவில் வழக்கமாக 30. ஆகவே நாலுக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. ஆனால் சொந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்கும், 65-ஐ எந்த கிரேடாக எழுதும் என்பதைக் கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிச் சொற்களும் குழப்பும். 'கோர்ஸ்' என்றால் முழுப் பட்டப்படிப்பு. தனிப் பாடம் 'மாட்யூல்'. 'ஸ்கூலுக்குப் போகிறேன்' என்றால் பதினெட்டு வயதுக்குள் இருப்பவர் என்று நினைப்பார்கள். 'யூனி' என்றே சொல்ல வேண்டும். 'ப்ரொஃபஸர்' என்பது உச்சப் பதவி, பாடம் எடுக்கும் எல்லோரையும் அப்படி அழைத்தால் அசடு வழிய நேரும். முதல் மின்னஞ்சலில் 'டாக்டர்' போட்டு, பதிலில் அவர் எந்தப் பெயரில் கையெழுத்திடுகிறாரோ அதையே பிடித்துக்கொள்ளலாம். 'ரிவைஸ்' என்றால் எழுதியதைத் திருத்துவதல்ல, தேர்வுக்குப் படிப்பது. ரிவிஷன் டெஸ்ட் எழுதி வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதிலுக்கு நாம் மாட்டும் இடம் ஒன்று இருக்கிறது: 'பேண்ட்'. பிரிட்டனில் அது உள்ளாடை. 'உன் பேண்ட் நன்றாக இருக்கிறது' என்று பாராட்டும் அமெரிக்கரும் சென்னைக்காரரும் ஒரே குழியில் விழுவார்கள். 'ட்ரௌசர்ஸ்' என்று பழகுங்கள். 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை, ஆறரை அல்ல. 4/7 என்றால் ஜூலை 4. 'யூ ஆல் ரைட்?' என்பது உடல்நல விசாரிப்பல்ல, வணக்கம். 'ஆல் ரைட்' என்று திருப்பிச் சொன்னால் முடிந்தது. ஸ்காட்லாந்துக்காரரையோ வேல்ஸ்காரரையோ 'இங்கிலீஷ்' என்று சொல்லிவிடாதீர்கள். இதற்கு மட்டும் திருத்தம் உடனே கிடைக்கும்.

பப்பில்

பல பப்களில் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கிளாஸைத் தானே தூக்கி வர வேண்டும். கவுண்டரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. உங்களுக்கு முன் வந்தவர் யார் என்று நினைவில் வைத்து, முறை மாறினால் 'இவர்தான் முதலில்' என்று காட்டுவது மரியாதை. பணத்தை ஆட்டுவதும் விரலைச் சொடுக்குவதும் ஆகாது. இரண்டு கிளாஸ் என்று விரலால் காட்டும்போது உள்ளங்கை எதிராளியைப் பார்க்கட்டும். புறங்கையைக் காட்டினால் அது வசை.

வாங்கும் வயது 18 என்பதால் இருபது வயது அமெரிக்கருக்குத் திடீர் சுதந்திரம். இங்கே அளவு ஏமாற்றும். பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லி, அமெரிக்க பைண்ட் 473. ஐந்து பைண்ட் குடித்தவர் அமெரிக்கக் கணக்கில் ஆறு குடித்திருப்பார். 'சைடர்' ஆப்பிள் ஜூஸ் அல்ல, மது. 'லெமனேட்' கேட்டால் கேஸ் அடைத்த சோடாதான் வரும்.

எல்லாவற்றையும்விட மனிதரை எடைபோடுவது 'ரவுண்டில்'. நாலு பேர் போனால் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார், அடுத்து இன்னொருவர். மூன்று ரவுண்டு குடித்துவிட்டு நாலாவதற்கு முன் கிளம்புகிறவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த வாரம் அழைப்பும் வராது. சீக்கிரம் போக வேண்டுமானால் முதல் ரவுண்டை நீங்களே வாங்குங்கள். மது குடிக்காதவரும் ரவுண்டில் சேரலாம், லைம் சோடா சொன்னால் போதும். கட்டுப்படியாகாது என்றால் ஆரம்பத்திலேயே 'எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்வதில் தப்பில்லை.

பாரில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. உணவகத்தில் பில்லைக் கீழ்வரை படியுங்கள். 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அமெரிக்கப் பழக்கத்தில் மேலும் 20 சதவீதம் வைப்பது இரட்டைச் செலவு. கடைகளில் எழுதியிருக்கும் விலையிலேயே வரி அடக்கம்.

மருந்து, ரயில்

விசாவுடன் கட்டும் ஆண்டு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணமே போதும் என்று இருந்துவிடுவார்கள். ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் தனியாகப் பதிய வேண்டும். அதைக் காய்ச்சல் வரும் முன் செய்யுங்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999. டைலனால் என்று கேட்டால் விழிப்பார்கள், அது பாராசிட்டமால்தான். சூப்பர்மார்க்கெட்டில் பெட்டிக்கு 16 மாத்திரை, பொதுவாக இரண்டு பெட்டிக்கு மேல் தர மாட்டார்கள். சளிக்கு வெந்நீரில் கலக்கும் பொடிகளிலும் பாராசிட்டமால் இருக்கும். கொண்டுவந்த டைலனாலோடு சேர்த்தால் பெரியவருக்கான 24 மணி நேர உச்சவரம்பான 4 கிராமைத் தெரியாமலே தாண்டிவிடலாம். மெலடோனினுக்கு அங்கே மருந்துச்சீட்டு வேண்டும். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாட்டுக்கு அமெரிக்காவில் எழுதித்தரும் ஆடரால் பிரிட்டனில் உரிமம் பெற்ற மருந்தல்ல. மாற்று மருந்து பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசி, கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பாருங்கள். கார் ஓட்டுகிறவர் சிவப்பு விளக்கில் எந்தப் பக்கமும் திரும்பக்கூடாது. அமெரிக்க உரிமம் குடியேறியதிலிருந்து 12 மாதம் மட்டுமே செல்லும், அதை மாற்றித் தரவும் மாட்டார்கள். மறுபடி தேர்வெழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். 'அட்வான்ஸ்' ரயில் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான். அடுத்த ரயிலில் ஏறினால் புதிதாக டிக்கெட் வாங்க வேண்டிவரும். லண்டன் மெட்ரோ நிலையத்தில் உள்ளே போகும்போது தட்டிய அதே வங்கி கார்டால்தான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். ஒரே கார்டு என்றாலும் போனில் இருப்பதும் பிளாஸ்டிக்கும் கணக்கில் வேறு வேறு.

'ஒரு நாள் சாப்பிட வாருங்கள்' என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள், அது விடைபெறும் வாசகம். தேதியும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. அப்படி யாராவது கிறிஸ்துமஸ் மதிய உணவுக்கு அழைத்தால் டிசம்பர் 24-ஆம் தேதியே போய்ச் சேருங்கள். 25 அன்று ரயில் கிடையாது. லண்டனில் மெட்ரோவும் பேருந்தும்கூட ஓடாது. 26-லும் பெரும்பாலான ரயில்கள் நிற்கும். எத்தனை இரவு தங்கலாம் என்பதை முன்பே கேட்டுக்கொண்டு, கையில் ஒரு சாக்லேட் டப்பாவோடு போங்கள்.