தலையறுந்த பனைகளுக்கு நடுவே: விசுவாசத்தில் புதுவாழ்வை எங்கிருந்து தொடங்குவது

விசுவாசத்தால் புதுவாழ்வு கிடைக்குமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரவில்தான் கேட்கிறார்கள், பிள்ளைகள் நித்திரையான பிறகு, ஃபோனில், மெல்லிய குரலில். 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலைத் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கே கைக்குழந்தையாக இருந்து இப்போது வேலை தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள், நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். நான் கத்தோலிக்கக் குடும்பம், அதனால் பூசை, செபமாலை என்று வரும். வேறு சபைக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது, அழுகையை அப்படியே கடவுளிடம் கொண்டுபோவது. செபம் என்றால் நன்றி சொல்வதும் புகழ்வதும்தான் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு வாயால் தோத்திரம் சொல்லிப் பலர் களைத்துப் போகிறார்கள். விவிலியத்தில் திருப்பாடல் (சங்கீதம்) 13ஐ எடுத்துப் பாருங்கள். ஆறே வசனம். தொடக்கத்திலேயே "எத்தனை காலம்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, கடவுளைப் பார்த்து, நேருக்கு நேர். திருப்பாடல் 88 இன்னும் கடுமை, அது இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதல் வசனம் எதுவும் கிடையாது. அதையும் விவிலியத்தில் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள் என்றால் உங்கள் கோபத்துக்கும் அங்கே இடம் உண்டு. சிலுவையில் இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டது திருப்பாடல் 22இன் முதல் வரி. தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் படிக்கும்போது அது ஒப்பாரி போலவே இழுத்து இழுத்து வரும், எங்கள் கிழவிகள் அழுவதும் அப்படித்தானே. ஆகவே முதல் கிழமை வேறு எதுவும் வேண்டாம், ஒரு கொப்பியில் நீங்கள் இழந்தவர்களின் பெயரை எழுதி, இரவில் பாடல் 13ஐ ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், பிறகு அந்தப் பெயர்களை வாசியுங்கள். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் சரி.

அடுத்த கிழமையிலிருந்து மாற்கு நற்செய்தி. பதினாறு அதிகாரம், நாளுக்கு ஒன்று போதும். ஏன் மாற்கு என்றால், அது நாலிலும் சிறியது, ஓடிக்கொண்டே இருக்கும், இயேசு களைத்துப் படகில் நித்திரை கொள்வதும் ஒவ்வொரு வீடாகச் சாப்பிடுவதும் அதில் வடிவாகத் தெரியும். வாசிக்கத் தெரியாத அம்மம்மா வீட்டில் இருந்தால் அவருக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள், அவர் இடையில் சொல்லும் கதைகள் உங்களுக்கு எந்த விளக்கவுரையையும் விட உதவும்.

இனி, புதுவாழ்வு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மனம் முறிவது இந்த இடத்தில்தான். யோபு ஓரிடத்தில் சொல்கிறார், வெட்டிய மரத்துக்கும் நம்பிக்கை உண்டு, தண்ணீரின் வாடை பட்டாலே அது துளிர்க்கும், மனிதன் செத்தால் அப்படி இல்லையே என்று. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். முருங்கைக் கொப்பை ஒடித்து நட்டால் வரும். ஆனால் செல்லடியில் தலையறுந்த பனை துளிர்க்காது, பனைக்கு ஒரே ஒரு குருத்து, அது போனால் போனதுதான், வெறும் தூணாக நின்று நின்று ஒருநாள் விழும். எங்களில் சிலர் முருங்கை மாதிரி, போர் முடிந்து அடைபட்டிருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வந்த அடுத்த மாதமே கடை போட்டார்கள், கலியாணம் கட்டினார்கள். சிலர் அந்தப் பனை மாதிரி. அவர்களிடம் போய் "பழையபடி எழும்புங்கோ" என்று சொல்வது கொடுமை.

இயேசு பேசியது விதையைப் பற்றி, மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி. நாங்கள் கோதுமை விதைக்கிறவர்கள் இல்லை, பனங்கொட்டையை வைத்து யோசியுங்கள். பாத்தி போட்ட பிறகு முளை முதலில் மேலே வராது, கீழேதான் போகும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது, வெறும் மண். தோண்டினால்தான் கிழங்கு இருப்பது தெரியும். செபிக்கத் தொடங்கி மூன்று மாதமாகியும் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், பாத்தியைக் கிளறாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள்.

இன்னொன்று, உயிர்த்த இயேசுவின் கையில் ஆணி அடித்த காயம் அப்படியே இருந்தது. தோமாவிடம் அதைத்தான் காட்டினார். காயம் மறைந்த உடம்போடு வந்திருக்கலாம், வரவில்லை. உடம்பில் இன்னும் செல் துண்டோடு திரிகிறவர்களுக்கும், ஒரு கால் இல்லாமல் தோட்டம் செய்கிறவர்களுக்கும் இதைவிடப் பெரிய நற்செய்தி எனக்குத் தெரியாது.

கோயிலுக்குப் போவது எப்படி? உங்கள் ஊர்க் கோயிலுக்கு முதலில் பூசை இல்லாத நேரம் போய், பின் வாங்கில் பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலுக்குப் போவதானாலும் ஆவணித் திருநாள் கூட்டத்தில் போகாமல் ஒரு சாதாரண நாளில் போங்கள், காட்டுக்கு நடுவே அந்த அமைதி வேறு. மடு மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்தான்: ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் அந்தச் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டுதான் காட்டுக்குள் வந்தார்கள், 2008 சித்திரையில் சண்டை நெருங்கியபோது சொரூபம் தேவன்பிட்டிக்குப் போய், அந்த ஆவணியில்தான் திரும்பியது. என் அம்மா போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது கையில் வைத்திருந்தது ஒரு செபமாலையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்தான். "அவவும் அலைஞ்சவதானே" என்று இப்போதும் சொல்வார்.

சைவக் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டில் சண்டை பிடிக்கத் தேவையில்லை, அப்பா அம்மாவின் சாமிப்படத்தைக் கழற்றச் சொல்லும் விசுவாசம் எனக்கு உடன்பாடில்லை. திருமுழுக்குப் பெற விரும்பினால் பங்குத்தந்தையிடம் போய்க் கேளுங்கள், மாதக்கணக்கில் மறைக்கல்வி படிக்க வேண்டும், பொதுவாக உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவில் கொடுப்பார்கள். அவசரப்படுத்துகிறவர்களிடம் கவனமாக இருங்கள். காசு கேட்டுச் சுகமளிப்பதாகச் சொல்கிறவர்களிடம் இன்னும் கவனம். ஒரு முறை வெளியிலிருந்து வந்த போதகர் ஒருவர், எங்கள் வீட்டில் விசுவாசம் குறைந்ததால்தான் அண்ணா காணாமல் போனான் என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார், அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்" என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் 9இல் இருக்கிறது, அதை மனப்பாடம் பண்ணி வையுங்கள்.

மருந்து எடுக்கிறவர்கள் செபிக்கத் தொடங்கியதும் மருந்தை நிறுத்த வேண்டாம். சாக வேண்டும் போல நினைப்பு வந்தால் தனியே இருக்காதீர்கள், பக்கத்து வீட்டைத் தட்டுங்கள், வைத்தியசாலைக்குப் போங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அதுவும் கடவுள் தருகிற கைதான். அதேபோல, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுவதை விசுவாசத்தின் பெயரால் யாரும் நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். கிளிநொச்சியில் 2017 மாசியில் பந்தலுக்குள் உட்கார்ந்த தாய்மாரின் காத்திருப்பும் எனக்கு ஒரு செபம்தான்.

ஒரு மாதம் கழிந்ததும் உங்களை மாதிரியே தனித்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, கிழமையில் ஒருநாள் அவரோடு தேத்தண்ணி குடியுங்கள். விசுவாசத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றில்லை.

கடைசியாக, பெயர்களைப் பற்றி. கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி, கல்லறைத் திருநாளில், கல்லறை இல்லாதவர்களும் சேமக்காலைக்குப் போகலாம், நடுவில் இருக்கும் பெரிய சிலுவைக்குக் கீழே மெழுகுதிரி கொளுத்தலாம். பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரை இறந்தவர் பட்டியலில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபாதரிடம் சொன்னால் அவர் பெயரை மட்டும் வாசிப்பார். என் அம்மா ஒவ்வொரு வைகாசியும் அண்ணாவின் பெயரைச் சுகநலத்துக்காக என்றுதான் எழுதிக் கொடுக்கிறார்.