சிறு படகில் ட்ரோலிங்: வஞ்சிரத்துக்குத் தூண்டில் இழுக்கத் தொடங்குவோருக்கு

ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே சென்று மீன் பிடிப்பதற்குத்தான் ட்ரோலிங் என்று பெயர். கடலடியைத் துடைத்து வாரும் இழுவைமடியை ட்ராலிங் என்பார்கள். பெயரில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு என்றாலும், இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் தூத்துக்குடிக் கடலில், 9.9 குதிரைத்திறன் கொண்ட வெளிப்பொறி பூட்டிய ஒரு சிறிய ஃபைபர் படகில் இதைக் கற்றேன். முதல் நான்கு நாள்களும் வெறுங்கையோடுதான் கரை திரும்பினேன். காரணம் தெரிந்தபோது அது மிகச் சிறியதாக இருந்தது. படகு ஓட்டவும் அடிப்படை முடிச்சுகள் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சென்னையில் வஞ்சிரம், குமரிப் பக்கத்தில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா என்று அழைக்கப்படும் மீனையே இங்கே குறியாகக் கொள்கிறேன். அது விரைந்து நீந்தித் துரத்திக் கடிக்கும் மீன் என்பதால் இந்த முறைக்கு மிகவும் ஏற்றது. பாறை மீனும் சூரை மீனும் இதே அமைப்பில் தாமாகவே வந்து மாட்டும்.

எங்கே இழுப்பது

கடலடிப் பார்களின், அதாவது பாறைத் திட்டுகளின், விளிம்பை ஒட்டியும், சிறு மீன் கூட்டத்தின் மேல் பறவைகள் விழுந்து எழும் இடங்களின் ஓரத்திலும் இழுக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே படகைச் செலுத்தினால் மீன் கலைந்துவிடும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே அந்த எல்லையைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே மட்டுமே தூண்டிலை இறக்குங்கள்.

என்ன வாங்குவது

கடைக்காரர் எதைச் சொன்னாலும், தொடக்கத்தில் இரண்டு ராடுகளுக்கு மேல் வாங்காதீர்கள். நான்கு கயிறுகளை இழுத்தால் நான்கு மடங்கு மீன் கிடைக்காது. ஒரே ஒரு பெரிய சிக்கல்தான் கிடைக்கும். ரீலில் பின்னல் கயிற்றைச் சுற்றுவதே இப்போது வழக்கமாகிவிட்டது என்றாலும், தொடங்குவோருக்கு 0.7 மில்லிமீட்டர் தங்கூஸே, அதாவது ஒற்றை இழை நைலான் கயிறே, சிறந்தது என்பது என் கருத்து. ஓடும் படகில் மீன் அடிக்கும் அதிர்ச்சியைத் தங்கூஸ் சற்று நீண்டு கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். நீளாத பின்னல் கயிறோ, டிராக் (ரீல் கயிற்றைப் பிடித்து வைக்கும் இறுக்கம்) மிகுந்திருந்தால், தூண்டில் முள்ளை மீனின் வாயிலிருந்து கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

லூரை, அதாவது மீன் வடிவப் போலி இரையைப் பொறுத்தவரை, தாடையில் தகடு பொருத்திய, மிதக்கும் வகையையே வாங்குங்கள். படகு நிற்கும்போது அது மேலே எழுந்துவிடும். மூழ்கும் வகையோ பாரில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ராப்பாலாவின் எக்ஸ்-ராப் மேக்னம் வரிசையில் பெயரோடு வரும் 15, 20, 30 என்ற எண்கள் அந்த லூர் ஏறக்குறைய எத்தனை அடி ஆழத்துக்குச் செல்லும் என்பதைக் குறிக்கின்றன. கயிறு தடித்தால் அந்த ஆழம் குறையும். ஒன்று 15, மற்றொன்று 30 என இரண்டு போதும். நிறத்தைப் பற்றிப் பலர் நெடுநேரம் வாதிடுவார்கள். நான் அதற்கு அதிக மதிப்புக் கொடுப்பதில்லை.

வஞ்சிரத்தின் பற்கள் தங்கூஸை ஒரே கடியில் அறுத்துவிடும் என்பதால், லூருக்கு முன்னால் ஏறத்தாழ அரை மீட்டர் நீளத்துக்கு ஒற்றை இழை எஃகுக் கம்பி கட்டாயம் வேண்டும். கம்பியை லூரின் கண்ணியில் கோத்து மடித்து முறுக்கும்போது ஓர் இழை நேராக நிற்க, மற்றது அதன்மேல் சுற்றிக்கொள்ளக் கூடாது. இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சமமாகத் தழுவிச் செல்ல வேண்டும், இல்லாவிட்டால் இழுவையில் முறுக்கு வழுக்கிவிடும். மிஞ்சிய நுனியைக் குறட்டால் வெட்டாமல், முன்னும் பின்னும் அசைத்து ஒடித்துவிடுங்கள். வெட்டிய நுனி ஊசியைப் போல நீட்டிக்கொண்டு நிற்கும்; என் இடது உள்ளங்கையில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. கம்பியையும் தங்கூஸையும் ஒரு சுழலி (இரு முனைகளும் தனித்தனியே சுழலும் சிறு இணைப்பு) வழியாக இணையுங்கள்.

டிராக்கைக் கைக்கணக்கில் வைக்காமல், பயணப்பையின் எடை பார்க்கும் கொக்கித் தராசை ராடிலிருந்து வரும் கயிற்றின் நுனியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். இருபது கிலோ தாங்கும் கயிறானால், தராசு ஐந்து கிலோவைக் காட்டும்போது ரீல் கயிறு விடத் தொடங்க வேண்டும்.

வேகம்: நான் தவறிய இடம்

வஞ்சிரத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் லூரை இழுக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மணிக்கு 9 முதல் 11 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நானும் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்து, எண் மாறாமல் ஆறு நாட்டில் நான்கு நாள்கள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் என்னுடன் வந்த மீனவர் ஒருவர் அரைமணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, "தம்பி, போனைப் பாத்து ஓட்டாதீங்க, கம்பு நுனியப் பாருங்க" என்றார்.

ஜி.பி.எஸ். காட்டுவது நிலத்தைச் சார்ந்த வேகத்தை. லூருக்குத் தெரிவதோ தண்ணீரைச் சார்ந்த வேகம் மட்டுமே. நீவாடு (கடல் நீரோட்டம்) இரண்டு நாட் வேகத்தில் ஓடும்போது, அதன் போக்கிலேயே சென்று ஜி.பி.எஸ்.ஸில் ஆறு காட்டினால், தண்ணீரில் லூர் உண்மையில் நான்கு நாட்டில்தான் நகர்கிறது. திரும்பி, நீவாட்டை எதிர்த்து அதே ஆறில் வந்தால், லூருக்கு அது எட்டு நாட். ஆக, போகும்போது என் லூர் சோம்பிக் கிடந்தது. வரும்போது பக்கவாட்டில் புரண்டு தண்ணீருக்கு வெளியே துள்ளியது. நான்கு நாள்களும் அது ஒழுங்காக நீந்திய நேரம் மிகக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

இதைச் சரிசெய்யும் வழி எளிது. கயிற்றை விடுவதற்கு முன், லூரைப் படகின் பக்கத்தில் இரண்டு மீட்டர் தொலைவில் தண்ணீரில் வைத்து, படகு ஓட ஓட அதைக் கண்ணால் பாருங்கள். தலையை ஒரே சீராக இருபுறமும் ஆட்டிக்கொண்டு நேராக நீந்தினால் அதுவே உரிய வேகம். அப்போது விசைத்தண்டு நிற்கும் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு கயிற்றை விடுங்கள். பிறகு ராடின் நுனி படபடவென ஒரே சீராகத் துடித்துக்கொண்டே இருக்கும். படகு நீவாட்டுக்கு எதிராகத் திரும்பியதும் ஜி.பி.எஸ். எண் குறையும், அதைக் கண்டு விசையைக் கூட்டிவிடாதீர்கள். துடிப்பு திடீரென நின்றால் பாசியோ நெகிழித் துண்டோ மாட்டியிருக்கிறது என்று பொருள், உடனே சுற்றி எடுத்துத் துடைத்துவிட்டு மீண்டும் விடுங்கள்.

வேகம் சரியாக இருந்தும் லூர் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து ஓடினால், கயிறு கட்டும் கண்ணி வளைந்திருக்கிறது. படகிலிருந்து பார்க்கும்போது அது இடப்புறம் ஓடினால், மூக்கிலுள்ள கண்ணியைக் குறட்டால் வலப்புறமாக மயிரிழையளவு வளைத்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள்.

கயிறு விடுவதும் திரும்புவதும்

ஆழமாகச் செல்லும் லூரைப் பன்னிரண்டு பாகத்திலும் (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்), மேலே ஓடும் லூரை இருபது பாகத்திலும் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருக்காமல், அந்த இடங்களில் வண்ண நூலைக் கட்டி வைத்தால் இருட்டிலும் விரலுக்குத் தெரியும். படகை எப்போதும் அகன்ற வட்டமாகவே திருப்ப வேண்டும். குறுகத் திருப்பினால் உட்பக்கக் கயிறு தளர்ந்து மற்றதன்மேல் ஏறிக்கொள்ளும். திரும்பும்போது உட்பக்க லூர் மெதுவாகவும் வெளிப்பக்க லூர் விரைவாகவும் ஓடும் என்பதால், எந்தப் பக்கம் மீன் அடிக்கிறதோ அதைக் கொண்டு வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரிந்துகொள்ளலாம்.

மீன் அடித்து ரீல் கத்தியவுடன் பொறியை நிறுத்திவிடாதீர்கள். சில நொடிகள் அதே வேகத்தில் சென்றால் முள் நன்றாக ஏறும். பிறகு வேகத்தைக் குறைத்து, மற்றக் கயிற்றை முழுவதும் சுற்றி எடுத்த பின்னரே மீனைக் கவனியுங்கள். அமரத்தில் (படகின் பின்முனையில்) சுழலும் விசிறிக்குக் கயிறு போகாதபடி மீனைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, நீண்ட கொக்கியால் தூக்கி, முள்ளை நீளமான குறட்டால் மட்டுமே கழற்றுங்கள். செத்துவிட்டதாகத் தோன்றும் வஞ்சிரமும் வாயை மூடும். மும்முனை முள்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டிய பிறகு, என் படகில் கை கால்களில் ஏறிய முள்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

பிற்சேர்க்கை

லூருக்குப் பதிலாக முரல் மீனைக் கோத்து இழுத்த வாசகர் ஒருவர், தம்முடைய 25 குதிரைத்திறன் பொறி மிகக் குறைந்த விசையிலும் வேகமாக ஓடுவதால் இரை சுழன்று கயிறு முறுக்கிக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். கோத்த மீனை இரண்டு அல்லது மூன்று நாட்டில்தான் இழுக்க வேண்டும். அவருக்கு நான் சொன்ன வழி, கைப்பிடி வலுவான ஒரு வாளியைக் குட்டையான கயிற்றில் கட்டி, விசிறியை எட்டாதபடி படகின் நடுப்பகுதியிலிருந்து தண்ணீரில் இழுத்துச் செல்வது. ஒரு பக்கம் மட்டும் கட்டியதால் படகு அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறது என்று மறுவாரம் எழுதினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாளிகள் கட்டிய பின் சரியாகிவிட்டது. மீன் அடித்தால் முதலில் வாளிகளைத் தூக்கிவிட வேண்டும் என்பதை நான் சொல்ல மறந்ததால், அவருடைய முதல் வஞ்சிரம் வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.