அப்பா ஆகப்போகிறவர் போனில் என்ன இருக்க வேண்டும்?

வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டார், நீங்கள் பெரம்பூரில் தனியாக உட்கார்ந்து பார்சல் சாப்பாட்டோடு ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அந்தப் போனையே கொஞ்சம் வேலை வாங்கலாம்.

முதலில் ஒரு கர்ப்பகால ஆப்பை உங்கள் போனிலும் போடுங்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளைக் கொடுத்தால் 40 வாரக் கணக்கை அதுவே போட்டுவிடும். பெரும்பாலும் அம்மாவைப் பார்த்துத்தான் பேசும், நம்மை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், பரவாயில்லை, படியுங்கள். படித்துவிட்டுப் பேசினால் "சாப்பிட்டியா"வோடு நிற்காமல் "இன்னைக்குக் குழந்தை நல்லா உதைக்குதா?" என்று கேட்க வரும். அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது என்றால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிதான். ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், பனிக்குடம் உடைவது, இவற்றுக்கும் அதேதான். ஆம்புலன்ஸுக்கு 108 என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம், தாய் சேய் அட்டை, ஸ்கேன், ரத்த வகை, பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தருவது) எல்லாவற்றையும் படமெடுத்து ஒரே ஆல்பத்தில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அந்த பிக்மி எண்ணைக் கேட்பார்கள். பிரசவம் எழும்பூர் அல்லது திருவல்லிக்கேணி அரசு ஆஸ்பத்திரியில் என்றால் ஒருநாள் ராத்திரி வண்டியில் போய் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்த்து வாருங்கள், மேப் அதையெல்லாம் சொல்லாது.

பெரிய சண்டை குழந்தை பிறந்த அன்று வரும். யாராவது ஒரு பெரியம்மா சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நிற்பார். சீம்பாலில் ஆரம்பித்து 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் "உனக்கென்னடா தெரியும்" என்பார்கள். அதனால் டாக்டர் ஒருவர் தமிழில் இதைச் சொல்லும் வீடியோவைத் தேடி ஏழாம் மாதத்திலேயே குடும்ப குரூப்பில் போட்டுவிடுங்கள். வார்டு வாசலில் நின்று வாதாட முடியாது, நான் முயன்று தோற்றவன்.

டயபர் மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது எல்லாம் வீடியோ பார்த்து மட்டும் வராது. தலையணையை வைத்துப் பழகுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகளுக்குப் பிறகு 6, 10, 14 வாரங்கள், 9 மாதம் என்று அன்றைக்கே காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.

பிரசவமாகி இரண்டு வாரம் தாண்டியும் மனைவி அழுதுகொண்டே இருந்தால், அல்லது உங்களுக்கே எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும்.

சரி, பவர் பேங்க் வாங்கிவிட்டீர்களா? வார்டில் பிளக் பாயிண்ட் கிடைக்காது.